பாற்பாத்திரங்களைக் குளோரீன் இன்றித் தூய்மை செய்தல்

கொழும்பு, புதுக்கடையில் நீதிமன்றங்கள் கூடுமுன்னரே அயலிலுள்ள தேநீர்க் கடைகள் திறந்துவிடுகின்றன. வழக்குக்கு வந்தோரும், எழுதுவினைஞரும், சுமை தூக்குவோரும் அங்கே பருகும் பால்தேநீரிற் பெரும்பகுதி பால்மாவினால் ஆக்கப்படுவதாகும். அப்பால்மாவிற் பெரும்பங்கு நியூசிலாந்து முதலிய அயல்நாடுகளிலிருந்து வருகின்றது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி குறைந்தமையாற் பால்மா அரிதாயிற்று; நகரத்து மக்கள் ஒரு பொதிக்காக நீண்ட வரிசைகளில் நின்றனர். கிராமத்துப் பசுவின் பாலுக்கு நகரில் எவ்வளவு தேவை உண்டென்பதை அக்காலம் உணர்த்திற்று.

நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் ஒன்றிரண்டு பசுக்களை வைத்திருக்கின்றனர். வயலுக்கு எருவும் வீட்டுக்குப் பாலும் அவற்றாற் கிடைக்கின்றன. எஞ்சிய பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றது. பயிர் விளையும்வரை காத்திருக்கும் குடும்பத்துக்கு இடையிற் கைக்கு வரும் பணம் இப்பாற் பணமேயாகும். ஆனால் நிலையத்தில் மதுசாரச் சோதனையின்போது பால் திரிந்துவிட்டால் அன்றைய பால் முழுவதும் திருப்பியனுப்பப்படும். இவ்வாறு திருப்பப்படும் பாலிற் பெரும்பகுதி பசுவின் குறையாற் கெட்டதன்று. பாத்திரத்தின் குறையாற் கெட்டதாகும்.

இக்குறையை நீக்குவதற்குக் குளோரீன் கலந்த தூளோ திரவமோ வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுதல் தவறாகும். வெந்நீர், சலவைச் சோடா, தூரிகை, வெயில் ஆகிய நான்கும் முறையாகப் பயன்படுத்தப்படின் கைக்கறவைப் பாத்திரங்களுக்குக் குளோரீன் தேவையில்லை. அம்முறையும் அதன் காரணங்களும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

பாத்திரத்திற் பால் கெடுவது எவ்வாறு?

நோயற்ற மடியிலிருந்து வரும் பாலிற் பற்றீரியாக்கள் மிகச் சிலவே உள்ளன. பால் தொடும் வாளி, வடிதுணி, கொள்கலன் ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலானவை அதனுட் சேர்கின்றன. பாத்திரத்தின் பொருத்துவாயிலும், விளிம்பின் கீழும், மூடியின் மடிப்பிலும் தங்கிய பாலின் எச்சம் அவற்றுக்கு உணவாகின்றது. ஈரம் அவற்றை வாழவைக்கின்றது. இந்நாட்டின் வெப்பம் அவற்றைப் பெருக்குகின்றது.

பெருக்கத்தின் வேகத்தை ஒரு கணக்கினால் அறியலாம். அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் பற்றீரியா ஒன்று, மாலை 6 மணிக்கு ஈரமான வாளியில் எஞ்சியிருக்கின்றது எனக் கொள்வோம். காலை 4 மணிக்குள் அது 20 முறை இரட்டித்துப் பத்து இலட்சத்துக்கும் மேலாகிவிடும். மாலையிற் கழுவாமல் வைத்த வாளியிற் காலையிற் கறக்கும் பால், இத்தனை பற்றீரியாக்களோடு தன் பயணத்தைத் தொடங்குகின்றது. இவ்வாறான பால் நிலையத்தின் குளிரூட்டும் தாங்கியுட் புகுந்தாற் பிற கமக்காரரின் நற்பாலையும் பாதிக்கும்.

எச்சத்தின் தன்மையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். பாலின் வெல்லம் நீரிற் கரைந்துபோகும். கொழுப்பு குளிர்ந்த நீரில் நீங்காது. அதற்குச் சூடும் காரமும் வேண்டும். புரதம் தொடக்கத்திலேயே கொதிநீர் பட்டால் வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து முதலிய உப்புக்கள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிந்து, மஞ்சள் கலந்த வெண்ணிறப் படையாக இறுகும். இப்படையைப் பாற்கல் என்பர். அதன் நுண்ணிய துளைகளுள் ஒளிந்திருக்கும் பற்றீரியாக்களைத் தூரிகை அணுகமாட்டாது. பாற்கல்லைக் காரம் கரைப்பதில்லை, அமிலமே கரைக்கும். கழுவும் முறையிலுள்ள ஒவ்வொரு படியும் இவற்றுள் ஒன்றனை நீக்குவதற்காக அமைந்ததாகும்.

குளோரீனை ஏன் விலக்க வேண்டும்?

குடிநீர்க் கிணற்றைத் தூய்மை செய்வதிற் குளோரீன் சிறந்த பணி ஆற்றுகின்றது. அப்பயன்பாட்டை இங்கு எவரும் மறுப்பதற்கில்லை. பாற்பாத்திரத்தின் நிலை வேறு.

முதலாவதாக, குளோரீன் பற்றீரியாவைக் கொல்லுமேயன்றி அழுக்கை அகற்றாது. பாலின் எச்சம் உள்ள இடத்திற் குளோரீன் அவ்வெச்சத்தோடு சேர்ந்து தன் வலிமையை இழக்கின்றது. ஆகவே அழுக்கான பாத்திரத்தில் அது பயன்படுவதில்லை. சூட்டினால் நன்கு தூய்மை செய்த பாத்திரத்துக்கோ அது வேண்டியதில்லை.

இரண்டாவதாக, வெளிற்றுந் தூளும் குளோரீன் திரவமும் வெப்பத்திலும் ஒளியிலும் விரைவில் வலுவிழக்கின்றன. திறந்த பொதியில் மாதக்கணக்காகக் கொட்டிலிற் கிடந்த தூளில் எவ்வளவு வலிமை எஞ்சியுள்ளதென்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது. திரவம் பழையதாகும்போது அதனுள் குளோரேற்று என்னும் உப்பும் உண்டாகின்றது.

மூன்றாவதாக, எஞ்சிய குளோரீன் உலோகத்தை அரிக்கின்றது. இறப்பரை வெடிக்கச் செய்கின்றது. அரிப்பினால் உண்டாகும் குழிகளும் வெடிப்புக்களும் பற்றீரியாவுக்குப் புதிய இருப்பிடங்களாகின்றன.

நான்காவது காரணம் பாலைப் பருகுவோரைப் பற்றியது. குளோரீன் பாலின் எச்சத்தோடு கூடும்போது குளோரோபோம் என்னும் பொருள் சிறிதளவில் உண்டாகின்றது. அது கொழுப்பிற் கரைவதாற் பாலிலிருந்து வெண்ணெய்க்குச் சென்று அங்கே செறிவடைகின்றது. ஒரு கிலோகிராம் வெண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லீற்றர் பாலின் கொழுப்புத் தேவைப்படுவதை எண்ணினால் இச்செறிவு எத்தகையதென்பது விளங்கும். குளோரேற்றோ நீரிற் கரைவது. பாலை வற்றச்செய்து மாவாக்கும்போது அது மாவிலேயே தங்கும். தைரொயிட்டுச் சுரப்பி அயடீனைப் பெறுவதை அது தடுக்குமாதலாற் கைக்குழந்தைகளின் உணவில் அதனைக் குறித்துப் பெரிதும் கவனம் செலுத்தப்படுகின்றது.

அயர்லாந்து கண்ட வழி

வெண்ணெயையும் குழந்தைப் பால்மாவையும் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு அயர்லாந்து. அந்நாட்டுப் பண்ணைகளிற் கறவைப் பொறிகளைக் குளோரீன் கலந்த காரங்களாற் கழுவுவது நெடுங்கால வழக்கமாயிருந்தது. வெண்ணெயிற் குளோரோபோம் எச்சம் தோன்றியபோது, கோர்க் மாவட்டத்து மூர்பார்க்கிலுள்ள பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையம் அதன் காரணத்தை ஆராய்ந்து, குளோரீன் இல்லாத கழுவுமுறைகளைப் பரிசோதித்தது. 2020ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பாலிற் குளோரேற்றின் மேலெல்லையை ஒரு கிலோகிராமுக்கு 0.10 மில்லிகிராம் என விதித்தது. 2021 சனவரி தொடக்கம் பண்ணைகள் கறவைக் கருவிகளைக் குளோரீன் இன்றியே கழுவவேண்டுமென்பது அயர்லாந்துப் பாற்றொழிலின் நெறியாயிற்று.

குளோரீனை விட்ட அப்பண்ணைகள் அதற்குப் பதிலாகப் புதுமையான மருந்து ஒன்றனை நாடவில்லை. வெந்நீரைக் கூடுதலாகப் பயன்படுத்தின. காரத்தின் அளவைச் செம்மைப்படுத்தின. பாற்கல்லைக் கரைக்கும் அமிலக் கழுவலை ஒழுங்காகச் செய்தன. தேவைப்படும் இடத்து இறுதி நீரிற் பேரசற்றிக் அமிலம் சேர்க்கப்படுகின்றது. அது தன் வேலை முடிந்ததும் வினாகிரியிலுள்ள அமிலமாகவும் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும்.

கையாற் கறக்கும் இலங்கைக் கமக்காரருக்கு இவ்வழி இன்னும் எளிதாகும். பொறியின் நீண்ட குழாய்களுட் கை புகாது. ஆதலால் அங்கே அனைத்தையும் இரசாயனமே செய்ய வேண்டியுள்ளது. வாளியினுள் கையும் தூரிகையும் புகும். ஒவ்வொரு மூலையையும் கண்ணாற் காணலாம்.

வேண்டிய பொருள்கள்

பொருத்துவாய் இல்லாத, உட்புறம் வழுவழுப்பான, அகன்ற வாயுள்ள எவர்சில்வர் வாளியும் கொள்கலனும் சிறந்தவை. அலுமினியப் பாத்திரத்தையும் பயன்படுத்தலாம். ஆயினும் காரம் அலுமினியத்தை அரிக்குமாதலால் அதனைச் சோடா நீரில் ஊறவிடலாகாது. பாத்திரம் கழுவும் மென்மையான திரவமே அதற்கு உகந்தது. பிளாஸ்ரிக் கலனிற் கீறல்கள் எளிதில் விழும்; கொதிநீருக்கு அது நெளிந்துவிடுதலும் உண்டு. கிருமிநாசினியோ களைநாசினியோ வந்த கலன்களையும், தெளிகருவிக்கு மருந்து கலக்கும் வாளியையும், எத்தனை முறை கழுவினும், பாலுக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. காய்கறித் தோட்டம் உள்ள வீடுகளில் இதனை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் வேண்டும்.

நீண்ட பிடியுள்ள தூரிகை ஒன்று பாற்பாத்திரங்களுக்கென்றே இருத்தல் வேண்டும். மணல், உமிச்சாம்பல், உலோக நார் ஆகியவற்றால் தேய்ப்பதனாற் கீறல்கள் உண்டாகும். சாம்பலின் காரம் கொழுப்பை நீக்குவது உண்மையே. எனினும் அதிலுள்ள பருக்கைகள் பாத்திரத்தைக் கெடுக்கும். சலவைச் சோடா அந்நன்மையை இத்தீமையின்றித் தருகின்றது. உடம்புக்கு இடும் சவர்க்காரம் ஏற்றதன்று. அது பாத்திரத்திற் படலமாகத் தங்கிப் பாலுக்கு மணமும் தரும். எரிசோடாவைக் கையாற் கழுவுவதற்குப் பயன்படுத்தலாகாது. அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

நாள்தோறும் கழுவும் முறை

1. உடன் அலசுதல்: பாலை ஊற்றியவுடனே, எச்சம் காயுமுன், பாத்திரத்தைத் தூய நீரால் அலசுதல் வேண்டும். நீர் கைக்கு இதமான இளஞ்சூடாக, ஏறக்குறைய 40 பாகை சதமாக, இருப்பின் நன்று. கொதிநீரை இப்படியிற் சேர்க்கலாகாது. வெளிவரும் நீர் வெண்மை நீங்கித் தெளியும்வரை அலசுக. சேகரிப்பு நிலையத்திற் பாலை ஊற்றிய கலனையும் அங்கேயே ஒருமுறை அலசிக்கொண்டு திரும்புதல் நன்று. வெயிலில் மூடியபடி வீடு வரும் கலனில் எச்சம் காய்ந்து இறுகிவிடும்.

2. சோடா நீரால் தேய்த்தல்: ஒரு லீற்றர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், சலவைச் சோடாவைக் கரைத்துக்கொள்க. நீர் கை தாங்கும் அளவிற்கு மேல் சூடாக இருத்தல் நன்று; நீண்ட பிடியுள்ள தூரிகை வேண்டப்படுவது இதன் பொருட்டே. உட்புறம், விளிம்பின் கீழ்ப்புறம், பிடி பொருந்தும் இடம், மூடியின் மடிப்பு என்னும் ஒழுங்கில் தேய்த்து, இறுதியில் வெளிப்புறத்தையும் தேய்க்க. சோடா கையின் தோலை உலர்த்துமாதலால் இறப்பர்க் கையுறை அணிதல் நலம்.

3. மீண்டும் அலசுதல்: சோடாவின் வழுவழுப்புக் கையில் உணரப்படாதவரை தூய நீரால் அலசுக.

4. கொதிநீர் வார்த்தல்: குளோரீனின் பணியை இப்படியே செய்கின்றது. நன்கு கொதிக்கும் நீரைக் கலனுள் ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்து, உட்பரப்பு முழுவதும் சூடேறும்படி சுழற்றி, மூன்று நிமிடமாவது விடுக. கலனின் வெளிப்புறம் கைவைக்க முடியாத சூட்டை அடைதல் வேண்டும். அவ்வாறு அடையாவிடின் நீர் போதாது என்பது பொருள். மூடியையும் சிறு பாத்திரங்களையும் கொதிக்கும் நீரிலேயே அமிழ்த்தலாம். வடிதுணியைச் சோடா நீரில் துவைத்து அலசி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்துக.

5. கவிழ்த்து உலர்த்துதல்: கழுவிய பாத்திரத்தைத் துணியால் துடைக்கலாகாது, துணியின் பற்றீரியா பாத்திரத்தை அடையும். நிலத்தில் வைக்காமல், மரச்சட்டத்தினாலோ மூங்கிலினாலோ இடுப்புயரத்துக்கு அமைத்த பரணில், வெயிலும் காற்றும் படுமிடத்தில் கவிழ்த்து வைக்க. கோழியும் நாயும் எட்டாத இடமாக அஃது இருத்தல் வேண்டும். முற்றாக உலர்ந்த பாத்திரத்திற் பற்றீரியா பெருகாது. மழைக்காலத்தில் அடுக்களை அடுப்பின் அருகே பரணை அமைத்துக்கொள்ளலாம்.

மறுமுறை கறக்குமுன் சிறிது கொதிநீரால் மீண்டும் அலசி, நீரை முற்றாக வடித்துவிட்டுக் கறத்தல் நன்று.

வாரம் ஒருமுறை அமிலக் கழுவல்

பாற்கல் படியாதிருக்க, வாரத்தில் ஒருநாள் சோடாவால் கழுவி அலசிய பின் ஒரு பங்கு வினாகிரியை நான்கு பங்கு வெந்நீரிற் கலந்து உட்புறம் முழுவதும் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்து, நன்கு அலசுதல் வேண்டும். அதன்பின் வழக்கம்போல் கொதிநீர் வார்க்கலாம். வினாகிரி கிடையாத இடத்து எலுமிச்சம் புளியைப் பயன்படுத்தலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளிலும் உலர்வலயக் கிணறுகள் பலவற்றிலும் நீர் கடினமானது. அத்தகைய நீராற் பாற்கல் விரைந்து படியுமாதலால் அங்கே வாரத்துக்கு இருமுறை இதனைச் செய்தல் நன்று.

எச்சரிக்கை: வினாகிரி முதலிய எந்த அமிலத்தையும் வெளிற்றுந் தூளோடும் குளோரீன் திரவத்தோடும் ஒருபோதும் சேர்க்கலாகாது. சேர்த்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும். முன்னர்க் குளோரீன் பயன்படுத்திய பாத்திரத்தை நன்கு அலசிய பின்னரே அமிலக் கழுவலைத் தொடங்குதல் வேண்டும்.

கறவைப் பொறி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

கறவை முடிந்தவுடன் பொறியினுள் இளஞ்சூடான நீரை உறிஞ்சச் செய்து, தெளியும்வரை அலசுதல் வேண்டும். அதன்பின் பொறிக்கெனத் தயாரிக்கப்பட்ட, குளோரீன் இல்லாத காரத்தை, பொதியிற் குறித்த அளவிற் சேர்த்த வெந்நீரை ஓடச் செய்தல் வேண்டும். தொடக்கத்தில் 70 முதல் 80 பாகை சதம்வரை சூடாயிருக்கும் நீரும் குழாய்களினூடாக ஓடி விரைவில் ஆறிவிடும். நன்கு ஆறிய நீரை மேலும் ஓடவிட்டால் அது அகற்றிய கொழுப்பே மீண்டும் குழாயிற் படியும். ஆதலாற் சூடு குறையுமுன் அதனை வெளியேற்றுதல் வேண்டும். வாரத்திற் சில நாள்களிற் காரத்துக்குப் பதிலாக அமிலக் கழுவல் செய்தல் வேண்டும். முலைக்காம்பிற் பொருத்தும் இறப்பர்க் குழல்களை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, வெடிப்புத் தோன்றியவற்றை உடனே மாற்றிவிடுக. வெடித்த இறப்பரை எம்மருந்தும் தூய்மையாக்காது.

தூய்மையை அறியும் முறை

பாத்திரம் தூயதா என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உலர்ந்த பாத்திரத்தை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் வெண்படலம் தோன்றலாகாது. தூய பரப்பில் ஊற்றிய நீர் ஒரே தாளாக வழிந்தோடும். கொழுப்பு எஞ்சிய பரப்பில் முத்துமுத்தாக நிற்கும். இரவு மூடி வைத்த கலனைக் காலையில் திறந்து முகர்ந்தாற் புளித்த மணம் வீசலாகாது. இம்மூன்றில் ஒன்று தவறினும் சோடாக் கழுவலையும் அமிலக் கழுவலையும் மீண்டும் செய்தல் வேண்டும். இம்மூன்றும் சரியாயிருந்தும் பால் தொடர்ந்து கெடுமாயின் மடிநோய் உண்டா என்பதைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி அறிதல் வேண்டும்.

கழிவுநீர்

முதல் அலசலில் வரும் பால் கலந்த நீரை எருக்குழிக்கு விடலாம். சோடா நீரைக் காய்கறிப் பாத்திக்கோ நாற்றுமேடைக்கோ தொடர்ந்து விடலாகாது. அதிலுள்ள சோடியம் நாளடைவில் மண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும். கிணற்றுக்கு அப்பால் ஒரு கழிவுக் குழி அமைத்து அதனுள் விடுதலே தக்கது.

பாற்பாத்திரத்தின் பொறுப்பு

கமக்காரரின் கொட்டிலில் நேரும் சிறு குறை நெடுந்தூரம் செல்லும். நியூசிலாந்துத் தொழிற்சாலை ஒன்றிற் சரிவரத் தூய்மை செய்யப்படாத குழாய் காரணமாக மோர்ப்புரதத்தில் நச்சுப் பற்றீரியா கலந்துவிட்டதென்னும் ஐயம் 2013 ஓகஸ்ட் மாதத்தில் எழுந்தது. பல நாடுகளிற் பாலுணவுகள் மீளப் பெறப்பட்டன. அந்தப் பற்றீரியா நஞ்சூட்டும் இனமன்று என்பது சில வாரங்களிற் புலனாயிற்று. ஆயினும் அதற்குள் இழந்த நம்பிக்கையை எளிதில் மீட்க இயலவில்லை. ஒரு குழாயின் நிலையே அதுவாயின், ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து பால் வந்துசேரும் சேகரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு கலனும் எவ்வளவு முக்கியமானதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பால் ஊற்றியவுடன் இளஞ்சூட்டு நீரால் அலசுக. சோடா கலந்த வெந்நீரால் தேய்க்க. நன்கு அலசிய பின் கொதிநீர் வார்க்க. கவிழ்த்து வெயிலில் உலர்த்துக. வாரம் ஒருமுறை அமிலத்தாற் கழுவுக. அமிலத்தையும் குளோரீனையும் ஒன்றாகச் சேர்க்கற்க.

ஒரு கேத்தல் கொதிநீரும் கால்மணி நேர உழைப்பும் இதற்குப் போதும். அவற்றைச் செலவிட மனமில்லாத நாளில், பத்து லீற்றர்ப் பாலும் அன்றைய வருமானமும் சேகரிப்பு நிலையத்தின் வாயிலிலிருந்து வீடு திரும்ப நேரிடும்.